கேரஸ், டாலி, ஆனந்தரங்கப் பிள்ளை

இந்த வாரம் ஆணி கம்மி. அதனால ரொம்ப நாளா டிராஃப்ட்ல தூங்கிக்கிட்டிருந்த பதிவை தட்டி எழுப்பியாச்சு.

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். முதல் பாதி விண்வெளியில் நடக்கும், மறுபாதி ரங்கப்பிள்ளை வீதியில். கேம் விளையாடாத மக்கள் பயப்பட வேண்டாம், தேவையானதை சொல்லிடறேன். சரித்திரம்னா கொட்டாவி வரும்ங்கிறவங்களும் பயப்பட வேண்டாம், அதிலயும் காதல் இருக்கு :-)

2021 மே மாசம். ஊரடங்கு. சென்னையில் நானும் நண்பனும் எடுத்திருந்த வீட்டை காலி பண்ணிட்டு அவன் கடலூருக்கும் நான் புதுச்சேரிக்கும் வந்து, அவங்கவங்க வீட்டு மாடியில உட்கார்ந்து பொட்டி தட்டிக்கிட்டிருந்தோம். அந்த மாசம்தான் மாஸ் எஃபெக்ட் மூணு பாகத்தையும் மெருகேத்தி லெஜண்டரி எடிஷன்னு ஒண்ணா விட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே நாளில் ஆரம்பிச்சோம். ராத்திரி போனை ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு தனித்தனியா விளையாடறது. ஒருத்தன் எங்க இருக்கான்னு இன்னொருத்தனுக்கு தெரியணும், ஆனா கதையைச் சொல்லிடக்கூடாது.

விஷயம் இதுதான். நீங்க ஷெப்பர்ட்னு ஒரு விண்வெளிக் கப்பல் தளபதி. கப்பல் பேரு நார்மண்டி. பால்வீதியை காப்பாத்தற வேலை. கூட ஒரு கூட்டம் வரும்: மனுஷங்க, மனுஷங்க இல்லாதவங்க, ரோபோ. சண்டைக்கு இறங்கும்போது அதில் ரெண்டே பேரைத்தான் கூட்டிக்கிட்டுப் போகலாம். மிச்ச நேரம் கப்பல்ல ஒவ்வொருத்தர் இருக்கிற இடத்துக்கும் போய் பேசலாம். பேசப் பேச நெருக்கம் கூடும். சிலர்கிட்ட அந்த நெருக்கம் காதலாகும்.

இந்த "கூட வர்றவங்க" சமாச்சாரம் ரொம்பப் பழசு. 1998ல் வந்த ஃபால்அவுட் 2ல் ஒரு ஊரில் ஒரு வீட்டுப் பொண்ணுகிட்டயோ பையன்கிட்டயோ வாலாட்டினீங்கன்னா, அப்பா துப்பாக்கியோட வந்து அப்பவே தாலி கட்ட வெச்சுடுவார். கட்டின ஆள் பின்னாடியே வந்துக்கிட்டிருக்கும், சண்டையில ஒண்ணுத்துக்கும் உதவாது. நம்ம ஊர் பஞ்சாயத்துக் கல்யாணம்தான். காதலை ஒழுங்கா கதைக்குள்ள கொண்டு வந்தது கனடாவில் எட்மண்டன் நகரத்துக் கம்பெனி பயோவேர். 1995ல் அதை ஆரம்பிச்சவங்க மூணு பேரும் டாக்டருக்குப் படிச்சவங்க. (நாம இன்ஜினியரிங் படிச்சுட்டு என்ன கிழிச்சோம்னு அப்பா கேட்டா இதைச் சொல்லாதீங்க.) 2000ல் வந்த அவங்களோட பால்டர்ஸ் கேட் 2ல் காதல் வசனம் ஒண்ணு முடிஞ்சு அடுத்தது வர நிஜமாவே கொஞ்ச நேரம் ஓடணும், காத்திருக்கணும். 2003ல் ஸ்டார் வார்ஸை வெச்சு ஒண்ணு. 2007ல் மாஸ் எஃபெக்ட்.

முதல் பாகத்துல கேரஸும் டாலியும் சும்மா தோழர்கள்தான். கேரஸ் முன்னாள் போலீஸ்காரன், முகம் கழுகுக்கும் பல்லிக்கும் நடுவுல இருக்கும். டாலி எந்நேரமும் முகமூடியோட உடம்பு மூடின உடை போட்டிருக்கிற பொண்ணு, கழட்டினா கிருமி தாக்கிடும். இதுல யாரு காதலிப்பான்னு கம்பெனி நெனச்சிருக்கும் போல. விளையாடினவங்க விடலை. வேணும் வேணும்னு கத்தி, 2010ல் வந்த ரெண்டாம் பாகத்துல அவங்க ரெண்டு பேரையும் காதலிக்கலாம்னு ஆக்க வெச்சாங்க. பாட்டில் மூடி மாதிரி உடை போட்ட பொண்ணுக்கு இவ்வளவு ரசிகர்களான்னு கேட்டா, ஆமா. நானும் ஒருத்தன்.

நண்பன் லியாரா கட்சி. மூணு பாகத்துலயும் லியாராதான், கொஞ்சமும் அசையலை. நான் முதல் பாகத்துல ஆஷ்லி, ரெண்டாவதுல டாலின்னு தாவினேன். தாவினா கேம் சும்மா விடாது. ஷெப்பர்ட் ரூம்ல மேசை மேல பழைய காதலியோட போட்டோ ஒண்ணு இருக்கும். புதுசா ஒருத்தரை ரூமுக்குக் கூட்டிக்கிட்டு வர்றப்போ அது கவிழ்ந்து கிடக்கும். ஒரு வசனம் கிடையாது. அந்த போட்டோவுக்கு எனக்கு வந்த குற்ற உணர்ச்சியை வெளியில சொன்னா அடிக்க வருவீங்க.

ரெண்டாம் பாகத்துல இன்னொரு ஏற்பாடு இருக்கு, இந்தப் பதிவுக்கு அதுதான் முக்கியம். கடைசியில போற சண்டைக்கு தற்கொலைப் பயணம்னே பேரு. யார் யார் உங்ககிட்ட விசுவாசமா இருக்காங்களோ அவங்க பிழைக்க வாய்ப்பு அதிகம். விசுவாசத்தை சம்பாதிக்க ஒவ்வொருத்தரோட சொந்த வேலை ஒண்ணை முடிச்சுக் கொடுக்கணும். முடிச்சுட்டோம்டான்னு நிம்மதியா இருக்கும்போது கப்பலுக்குள்ள சண்டை வரும். மிராண்டாவுக்கும் ஜாக்குக்கும் ஆகாது. டாலிக்கும் லீஜியன்ங்கிற ரோபோவுக்கும் ஆகாது, பரம்பரைப் பகை. நீங்க போய் யாராவது ஒருத்தர் பக்கம் பேசினா இன்னொருத்தரோட விசுவாசம் போயிடும். நல்லவன், கெட்டவன் புள்ளிகள் நல்லா ஏறியிருந்தா மட்டும் பதில்கள்ல நீலமா ஒண்ணும் சிவப்பா ஒண்ணும் கூடுதலா வரும். அதைத் தட்டினா ரெண்டு பேரும் அடங்கிடுவாங்க. நாம வாய் வித்தையில ஜெயிச்சுட்டு அடுத்த கிரகத்துக்குப் போயிடுவோம். அவங்க ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் மனசுல என்ன வெச்சுக்கிட்டு அதே கப்பல்ல தூங்குறாங்கன்னு நமக்குத் தெரியாது. எல்லாத்தையும் நாம பார்க்கிறது ஷெப்பர்ட் நாற்காலியிலிருந்துதான்.

லியாராவைப் பத்தி கேரஸ் என்ன நெனச்சான்? ராத்திரி ரூமுக்குப் போய் என்ன எழுதி வெச்சான்? கேம்ல இல்லை.

எங்க ஊர்ல இருக்கு. 25 வருஷத்துக்கு இருக்கு.

கொசுவத்தி சுத்த வேண்டியது 18ம் நூற்றாண்டுக்கு. தளபதி பேரு ழோசப் பிரான்சுவா துய்ப்ளெக்ஸ், 1742லிருந்து 1754 வரைக்கும் புதுச்சேரி கவர்னர். அவர் கூட்டத்தைப் பார்த்தா நார்மண்டி கப்பல் தோத்துடும். பீரங்கி ஓய்வெடுக்காத பரதி: 1746ல் அடையாறு ஆத்தைக் கடந்து, சில நூறு ஆளை வெச்சுக்கிட்டு ஆற்காடு நவாப்பு மகனோட பெரும் படையை ஓட விட்டவர். ரெண்டு வருஷம் கழிச்சு இங்கிலீஷ்காரங்க புதுச்சேரியை முற்றுகை போட்டப்போ செத்துப் போனார். லா பூர்தொனே: கடற்படை, 1746ல் சென்னையைப் பிடிச்சவர், பிடிச்ச ஊரை காசு வாங்கிட்டு திருப்பிக் கொடுத்துடலாம்னு சொல்லி துய்ப்ளெக்ஸோட முட்டிக்கிட்டவர். சந்தா சாகிப், முசபர் ஜங்: நவாப்பு, நிஜாம் பதவிக்கு நின்னவங்க, ரெண்டு பேரும் அல்பாயுசு. புஸ்ஸி: ஐதராபாத்துக்குப் போய் அங்கேயே செல்வாக்கா உட்கார்ந்துட்டவர். இவங்களை நாங்க இப்பவும் தெருவா மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். புஸ்ஸி வீதி லால் பகதூர் சாஸ்திரி வீதியாகி எத்தனையோ வருஷமாச்சு, ஆட்டோக்காரர்கிட்ட புஸ்ஸி வீதின்னு சொன்னாத்தான் சட்டுன்னு திரும்புவார். தளபதியோட துய்ப்ளெக்ஸ் வீதிதான் பாவம், நேரு வீதியாகி அப்படியே நிலைச்சுடுச்சு.

இந்தக் கூட்டத்துல ரெண்டு பேர் கவர்னருக்கு ரொம்பக் கிட்ட. ஒருத்தர் காதல், ஒருத்தர் தோழர்.

காதல்: ழான். 1706ல் புதுச்சேரியிலேயே பிறந்தவர். அப்பா கம்பெனியின் பிரெஞ்சு வைத்தியர். அம்மா போர்த்துகீசிய இந்திய வம்சம். 13 வயசுல, 1719ல், வேன்சான்ங்கிற கம்பெனி அதிகாரிக்குக் கட்டிக் கொடுத்துட்டாங்க. அவருக்கு 11 பிள்ளை பெத்தார். கணவர் இறந்த பிறகு 1741ல், சந்தர்நாகூர்ல, துய்ப்ளெக்ஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அப்போ துய்ப்ளெக்ஸுக்கு 44, ழானுக்கு 34. விதவை, அத்தனை பிள்ளைகளுக்கு அம்மா, இந்திய ரத்தம் கலந்தவர், சீதனமா பெரிய அந்தஸ்தும் கிடையாது. பிரான்சிலிருந்து ஒரு பிரபு வீட்டுப் பொண்ணை வரவழைச்சிருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்தது ழானை. மூணு பாகத்துலயும் லியாராதான்னு நின்ன என் நண்பன் மாதிரி, கடைசி வரைக்கும் அதுல அசையவும் இல்லை.

தோழர்: ஆனந்தரங்கப் பிள்ளை. 1709ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, அப்பா திருவேங்கடம் பிள்ளையோட சின்ன வயசிலேயே இங்க வந்தவர். வியாபாரி. ஆனந்தப் புரவின்னு சொந்தமா கப்பல் ஓட்டினவர். அவர் வீடு இன்னும் பெரிய மார்க்கெட் பக்கத்துல நிக்குது. கீழே நம்ம ஊர் மரத்தூண், மாடியில பிரெஞ்சுக்காரன் தூண். கவர்னருக்கு துபாஷி.

துபாஷின்னா ரெண்டு மொழிக்காரர். ரெண்டு மொழி தெரிஞ்சவர்னு மட்டும் நெனச்சுடாதீங்க. கவர்னருக்குத் தமிழ் தெரியாது, ஊருக்கு பிரெஞ்சு தெரியாது. நெசவாளிக்கு முன்பணம் கொடுக்கணும், சரக்கு வரலை, நவாப்பு ஆள் அனுப்பியிருக்கார், தெருவுல சாதிச் சண்டை... எதுவா இருந்தாலும் அந்த ஒரு ஆள் வழியாத்தான் உள்ளே போகணும், வெளியே வரணும். நம்ம பொழப்புல சொல்றதுன்னா ரெண்டு சிஸ்டத்துக்கு நடுவுல இருக்கிற ஒரே இன்டர்ஃபேஸ். அந்த ஒத்தை ஆளா இருக்கிறதுலதான் அவரோட மரியாதை, வருமானம், பல்லக்கு எல்லாமே.

பிள்ளை 1736 செப்டம்பர்லேர்ந்து 1761 ஜனவரி வரைக்கும் டைரி எழுதினார். தமிழ்ல. பேச்சுத் தமிழ்ல. இன்னைக்கு கவர்னர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எந்தக் கப்பல் வந்துச்சு, யாருக்கு எத்தனை குண்டு மரியாதை, யார் யாரைப் பத்தி என்ன கோள் சொன்னாங்க. 1846ல் அதை மறுபடி கண்டெடுத்தாங்க. 1904லிருந்து 1928 வரைக்கும் சென்னையில் இங்கிலீஷ்ல 12 தொகுதியா வந்துச்சு. பிரபஞ்சன் இதை வெச்சுத்தான் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' எழுதினார். ரெண்டாவதுக்கு 1995ல் சாகித்ய அகாடமி கிடைச்சுது. நான் நாவல் வழியாத்தான் டைரிக்குப் போனேன். ரெண்டாவது அலையில, ஆபீஸ் மீட்டிங்ல மைக்கை அணைச்சுட்டு. (மேனேஜர் தமிழ் படிக்க மாட்டார், தைரியமா சொல்லலாம்.)

ஆக, நாம பார்க்க முடியாத அந்த விஷயம் இங்க அப்படியே இருக்கு: தளபதியோட காதலைப் பத்தி தோழர் தன் ரூம்ல உட்கார்ந்து எழுதினது.

கழுவிக் கழுவி ஊத்தியிருக்கார்.

பணத்தாசை பிடிச்சவங்க, லஞ்சம் வாங்குறாங்க, தனியா ஆள் வெச்சு ஊரை மிரட்டுறாங்க, கவர்னர் மனசைக் கெடுக்கிறாங்க. பக்கத்துக்குப் பக்கம் இதுதான். துய்ப்ளெக்ஸைப் பத்தி எழுதும்போது பிள்ளை எழுத்துல ஒரு பெருமிதம் இருக்கும். நம்ம ஆள், அவர் ராசி, அவருக்கு நான் சொல்ற யோசனைன்னு. அதே மனுஷன் பெண்டாட்டி பேச்சைக் கேட்டார்னு வந்துட்டா அந்தப் பெருமிதம் காணாமப் போகும்.

புதுச்சேரியில வளர்ந்தவங்களுக்கு ழான்னா முதல்ல ஞாபகம் வர்றது ஒரே விஷயம்தான். 1748 செப்டம்பர், இங்கிலீஷ் அட்மிரல் பாஸ்கவென் ஊரை முற்றுகை போட்டிருந்த நேரம். அந்தக் களேபரத்துக்குள்ள வேதபுரீஸ்வரர் கோவிலை இடிச்சாங்க. இப்போ சம்பா கோவில்னு நாங்க சொல்ற மாதா கோவில் பக்கத்துலதான் அந்தச் சிவன் கோவில் இருந்தது. சான் பால்ங்கிற பேருதான் எங்க வாயில சம்பாவாச்சு. அந்தச் சிவன் கோவில் அங்க இருக்கக்கூடாதுன்னு ஜேசுசபைச் சாமியார்கள் பல வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. முந்தின கவர்னருங்க ஊர் காலியாகிடும்னு பயந்து தள்ளிப் போட்டாங்க. பிள்ளை டைரியில அந்த நாட்களை விலாவாரியா எழுதியிருக்கார். சாமியார்களும் ழானும் சேர்ந்து கவர்னரைச் சம்மதிக்க வெச்சாங்கங்கிறது அவர் கணக்கு. ஊர்ப் பெரியவங்க அவர்கிட்ட வந்து முறையிட்டாங்க. அவரால ஒண்ணும் பண்ண முடியலை. இப்போ இருக்கிற வேதபுரீஸ்வரர் கோவில் அப்புறமா வேற இடத்துல கட்டினது. எங்க பாட்டி அங்க பிரதோஷத்துக்குப் போகும்போதெல்லாம் "அந்தப் படுபாவி பொம்பளை"ன்னு ஒரு தடவை சொல்லிட்டுத்தான் விபூதி எடுக்கும். 270 வருஷம் கழிச்சு! பாட்டி டைரி படிச்சதில்லை. ஆனா அந்தக் கதை வந்து சேர்ந்த வழியில டைரிக்குப் பெரிய பங்கு உண்டு.

நடந்தது அநியாயம். அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்லை, ழானை வெள்ளையடிக்கவும் இந்தப் பதிவு எழுதலை. எனக்கு உறுத்தினது வேற. கவர்னர் யாரு? துய்ப்ளெக்ஸ். உத்தரவு போட்டது யாரு? துய்ப்ளெக்ஸ். பிள்ளையோட பிரியமான மனுஷன். திட்டு மட்டும் ஏன் முக்கால்வாசி ழானுக்குப் போகுது?

இதுக்கு ரெண்டு வருஷம் பின்னாடி போகணும். 1746 பிப்ரவரியில தலைமை துபாஷி கனகராய முதலியார் இறந்துட்டார். முதலியார் கிறிஸ்தவர். பதவிக்குத் தகுதின்னு பார்த்தா அடுத்தது பிள்ளைதான், ஊருக்கே தெரியும். ஆனா அந்த இடத்துக்கு ஒரு கிறிஸ்தவர்தான் வரணும்னு சாமியார்கள் ஒரு பக்கம், ழான் ஒரு பக்கம். வேலையைப் பிள்ளைதான் பார்க்கிறார், பதவி மட்டும் முறையா வரலை. 1747லதான் கைக்கு வந்துச்சு. ப்ரமோஷன் லெட்டர் வராம ஒரு வருஷம் டீம் லீட் வேலை பார்த்தவங்களுக்கு அந்த வலி புரியும்.

அதுக்கும் பின்னாடி ஒரு கதை இருக்கு. பிள்ளையோட மாமா நைனியப்ப பிள்ளை. அவரும் இதே வேலை, அவருக்கும் ஜேசுசபைக்கும் ஆகலை. 1716ல் அவரைக் கைது பண்ணி, சவுக்கடி கொடுத்து, சொத்தைப் பிடுங்கி உள்ளே போட்டாங்க. 1717ல் ஜெயில்லயே செத்தார். அப்புறம் பிரான்ஸ்ல அந்தத் தீர்ப்பே தப்புன்னு ஆச்சு. போன உயிர் திரும்பலை. அப்போ ஆனந்தரங்கத்துக்கு 8 வயசு. கவர்னர் வீட்டுல ஒருத்தர் நமக்கு எதிரா பேசினா என்ன நடக்கும்னு புஸ்தகத்துல படிச்சு தெரிஞ்சுக்கிட்டவர் இல்லை அவர். சாமியார்களும் கவர்னர் மனைவியும் ஒரே பக்கம் நிக்கிறதைப் பார்த்தா அவருக்கு வயித்தைக் கலக்காம இருக்குமா?

இதெல்லாம் விட எனக்கு முக்கியமா படறது ஒண்ணு. ழானுக்குத் தமிழ் தெரியும். புதுச்சேரியில பிறந்து வளர்ந்தவர், ஆயாக்களோட, வேலைக்காரங்களோட தமிழ் பேசி வளர்ந்தவர். போர்த்துகீசும் பிரெஞ்சும் தெரியும். துய்ப்ளெக்ஸ் சார்பா இந்திய ராஜாக்கள், நவாப்புகளோட கடிதப் போக்குவரத்து நடத்தினவர். ஜோன்னா பேகம்னு அவருக்குப் பேரே இருந்தது. முற்றுகை சமயத்துல வெளியில என்ன நடக்குதுன்னு வேவு பார்க்க ஆள் வெச்சிருந்ததும் அவர்தான்.

அதாவது துபாஷி இருக்கிற வீட்டுல இன்னொரு துபாஷி. அதுவும் கவர்னர் பக்கத்துல படுக்கிற துபாஷி. ஊரில் ஒருத்தருக்கு ஒரு காரியம் ஆகணும்னா பிள்ளையைத்தான் பார்க்கணும்ங்கிற நிலைமை போச்சு, அம்மாவைப் பார்த்தாலும் ஆகும். கவர்னருக்கு ஒரு சேதி புரியணும்னா பிள்ளை சொல்லித்தான் புரியணும்ங்கிறதும் போச்சு. அவர் மொழிபெயர்க்கிறது சரியா தப்பான்னு சரிபார்க்க வீட்டுக்குள்ளயே ஆள். ழான் நல்லவங்களா இருந்திருந்தாலும் பிள்ளைக்கு அவங்களைப் பிடிச்சிருக்கும்னு நான் நம்பலை.

இது என் அனுமானம்தான். டைரியில பிள்ளை இப்படிச் சொல்ல மாட்டார், தன்னைப் பத்தி யார் அப்படி எழுதுவாங்க?

துய்ப்ளெக்ஸ் என்ன பண்ணினார்? நீலப் பதில். பதவியைப் பிள்ளைக்குக் கொடுத்தார். கோவிலை ழானுக்கும் சாமியார்களுக்கும் கொடுத்தார். 12 வருஷம் ரெண்டு பேரையும் கையில வெச்சிருந்தார். 1748ல் பாஸ்கவென் முற்றுகையைத் தூக்கிட்டுப் போனான், 1749, 50ல் நவாப்பு, நிஜாம் எல்லாம் புதுச்சேரி தயவுல பதவிக்கு வந்தாங்க. உச்சம். விளையாடறவன் கண்ணுல பார்த்தா அபாரமான ஆட்டம். அந்த ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல எப்படித் தூங்கினாங்கங்கிறதுக்கு ஒரு பக்கத்துச் சாட்சி மட்டும் 12 தொகுதி. ழான் டைரி எழுதலை. நாம அவங்களைப் பார்க்கிறதெல்லாம் அவங்களைக் கண்டா ஆகாதவர் எழுதினதுலதான்.

மூணாவது பாகம் சோகம். போருக்குச் செலவு பண்ணியே கம்பெனிக் கஜானா காலி. 1754ல் பிரான்சிலிருந்து கொதேன்னு ஒருத்தர் வந்து இறங்கி ஊருக்குக் கிளம்புன்னுட்டார். அந்த அக்டோபரில் துய்ப்ளெக்ஸும் ழானும் கப்பலேறினாங்க. ழானுக்கு 48 வயசு. புதுச்சேரியில பிறந்து, சந்தர்நாகூர் வரைக்கும் போனவர். அவருக்கு அது ஊருக்குத் திரும்பறது இல்லை, ஊரை விட்டுப் போறது. ரெண்டு வருஷத்துல, 1756ல், பாரிசுல செத்துப்போனார். கம்பெனி தனக்குப் பணம் பாக்கின்னு வழக்கு நடத்திக்கிட்டே துய்ப்ளெக்ஸ் 1763ல் வறுமையில செத்தார். பிள்ளைக்கு உடம்பு முடியலை, 1756ல் லெறி கவர்னரா இருக்கும்போது பதவியும் போச்சு. ஆனாலும் எழுதறதை விடலை. 1761 ஜனவரியில இங்கிலீஷ்காரங்க ஊரைச் சுத்தி வளைச்சு, உள்ளே சனங்க பட்டினி கிடந்த நாட்கள் வரைக்கும் டைரி ஓடுது. அதே மாசம் அவரும் போயிட்டார், 16ந் தேதி ஊரும் விழுந்துச்சு. வந்தவன் தரைமட்டமாக்கினான். ழானும் பிள்ளையும் சண்டை போட்ட அந்த ஊர்ல மிச்சம் ஒண்ணும் பெருசா இல்லை.

மாஸ் எஃபெக்ட் மூணாம் பாகத்துல (2012) ஒரு காட்சி இருக்கு. நீங்க கேரஸையும் காதலிக்கலை, டாலியையும் காதலிக்கலைன்னா, கடைசி நேரத்துல கப்பல்ல அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அணைச்சுக்கிட்டு நிக்கிறதைப் பார்ப்பீங்க. நீங்க இல்லாத நேரத்துல அவங்களுக்குன்னு ஒண்ணு நடந்திருக்கு. எனக்கு அந்தக் காட்சி வரலை, நான்தான் டாலியோட இருந்தேனே. நண்பனுக்கு வந்துச்சு. அவன் ஸ்பீக்கர்ல கத்தினது இன்னும் காதுல இருக்கு.

அந்த நண்பனைப் பத்தி இவ்வளவு சொல்லிட்டு மிச்சத்தைச் சொல்லாம விட்டா சரியில்லை.

காலேஜ்ல நாலு வருஷம், சென்னையில ரெண்டு வருஷம், ஒரே ரூம். அவன் வீட்டுல அவங்கப்பாவோட பேச மாட்டான், அம்மாவோட ரெண்டு வார்த்தை. அதனால அம்மா எனக்குத்தான் போன் பண்ணுவாங்க. சாப்பிட்டானா, உடம்பு எப்படி இருக்கு, வேலை மாறப் போறானாமே. அவன் வீட்டுக்குச் சொல்ல வேண்டியதும் என் வழியாத்தான் போகும், சம்பள உயர்வு உட்பட. எனக்கு அது பாரமா இருக்குன்னு வெளியில அலுத்துக்குவேன். உள்ளுக்குள்ள எவ்வளவு பிடிச்சிருந்ததுன்னு இப்போத்தான் தெரியுது.

2022ல் அவனுக்கு ஆபீஸ்ல ஒரு பொண்ணோட காதல். மூணு மாசத்துல அவ அவங்கம்மாகிட்ட நேராவே பேச ஆரம்பிச்சுட்டா. அம்மா எனக்குப் போன் பண்றது வாரத்துக்கு ஒண்ணாச்சு, மாசத்துக்கு ஒண்ணாச்சு, அப்புறம் நின்னே போச்சு. அந்தப் பொண்ணைப் பத்தி எங்க செட்டு முழுக்க ஒரு பேச்சு உண்டு: அதிகாரம் பண்றா, அவனை மாத்திட்டா, பழைய ஆளுங்களை வெட்டி விடறா. அந்தப் பேச்சு எங்கேர்ந்து கிளம்புச்சுன்னு கேட்டீங்கன்னா... நான்தான். ஒவ்வொருத்தன்கிட்டயும் தனித்தனியா, கவலையோட சொல்ற மாதிரி. கல்யாணத்துக்குப் போனேன், மொய் எழுதிட்டு சாப்பிடாம கிளம்பிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொன்னது பொய்.

டைரியில பதவி இழுத்தடிச்ச அந்த 1746, 47 பக்கங்களை இரண்டாவது தடவை படிச்சது அதுக்கப்புறம்தான்.

போன மாசம் அவங்க ரெண்டு பேரும் புதுச்சேரி வந்தாங்க. நான்தான் கூப்பிட்டேன். சாயங்காலம் கடற்கரைச் சாலையில நடந்தோம், தென்கோடியில துய்ப்ளெக்ஸ் சிலை வரைக்கும். 1870ல் வெச்ச சிலை. நல்லா நிமிர்ந்து தனியா நிக்கிறார். யாரு இவருன்னு அவ கேட்டா. சொல்ல ஆரம்பிச்சு முக்கால் மணி நேரம் ஆச்சு, நண்பன் ரெண்டு பொட்டலம் சுண்டல் முடிச்சுட்டான். பிள்ளை எழுதினதையெல்லாம் சொன்னேன், ழான் வாங்கின லஞ்சம், கோவில், எல்லாம்.

முழுசும் கேட்டுட்டு, "அந்தம்மா பக்கத்துலேர்ந்து யாருமே எழுதலையா?"ன்னா.

இல்லைன்னேன்.

கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம் திரும்பி, "உங்க கல்யாணப் பரிசு என்னன்னு இன்னும் சொல்லலை நீங்க"ன்னா. சாப்பிடாம போனது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. இவ்வளவு நாள் தெரிஞ்சே இருந்திருக்கு. நான் அசடு வழிஞ்சு லெஜண்டரி எடிஷன் வாங்கித் தரேன்னேன். அவன்தான் மூணு தடவை முடிச்சுட்டானே, எனக்குன்னு தனி அக்கவுண்ட்ல வேணும்னா. அன்னைக்கு ராத்திரியே வாங்கிக் கொடுத்தாச்சு.

நேத்து மெசேஜ் வந்துச்சு, முதல் பாகத்துல பாதி வந்துட்டாளாம். யாரைப் பிடிச்சிருக்குன்னு கேட்டேன். ரெக்ஸாம். 1000 வருஷத்துக்கு மேல வாழற, சிவப்புத் தோல், கூனல் முதுகு, யாரைப் பார்த்தாலும் முட்டித் தள்ளணும்னு தோணுற ரெக்ஸ். அவரைக் கல்யாணம் பண்ணிக்க முடியுமான்னு கேட்டிருந்தா. மூணு பாகத்துலயும் முடியாதுன்னு பதில் போட்டேன்.

"கம்பெனிக்கு யார் மெயில் போடறது, நீங்களா நானா?"ன்னு வந்திருக்கு.